கடைசி நிமிடத் தப்பு: கொடியை யார் கையில் கொடுக்கலாம்?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் பார்க்கிறவர்களிடம், அதுவும் நியூ ஆர்லியன்ஸ் ரசிகர்களிடம், 'நோ கால்' (நடுவர் தண்டிக்காமல் விட்ட தப்பு) என்று சொன்னாலே போதும், எந்த ஆட்டம் என்று திருப்பிக் கேட்கமாட்டார்கள். 2019 ஜனவரி 20. ஜெயித்தால் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். நியூ ஆர்லியன்ஸின் செயின்ட்ஸ் 20, லாஸ் ஏஞ்சலஸின் ராம்ஸ் 20, இரண்டு நிமிடம்கூட மீதி இல்லை. ட்ரூ ப்ரீஸ் வீசிய பந்து வந்து சேர்வதற்குள்ளேயே, அதைப் பிடிக்க ஓடிய டாமிலீ லூயிஸை ராம்ஸின் நிக்கெல் ரோபி-கோல்மன் இடித்துத் தள்ளிவிட்டார். பந்து வருவதற்கு முன்னால் ஆளை இடித்துத் தடுப்பது பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்ற குற்றம், தெருவில் போகிறவருக்கும் தெரிந்திருக்கும். குற்றத்தைக் காட்ட நடுவர்கள் வீசும் மஞ்சள் கொடி மட்டும் விழவில்லை.

விழுந்திருந்தால் செயின்ட்ஸ் கடிகாரத்தை ஓடவிட்டுக் கடைசி நொடிகளில் ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி) அடித்து முடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக அப்போதே அடித்து 23-20 ஆக்கினார்கள், ராம்ஸ் கையில் 1:41 மீதி கிடைத்தது, அவர்கள் சமன் செய்தார்கள், ஓவர்டைமில் 57 யார்டிலிருந்து அடித்து 26-23 என்று ஜெயித்தும்விட்டார்கள். தப்பு நடந்தது என்று லீக்கின் நடுவர் பிரிவுத் தலைவரே போனில் ஒப்புக்கொண்டதாக செயின்ட்ஸ் கோச் ஷான் பேட்டன் அன்றே சொன்னார். ஒப்புக்கொண்டு என்ன பயன்?

இந்த மாதிரித் தப்பைத் திருத்த நான்கு வழிகள் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன: முடிவையே மாற்றுவது, கோச்சுக்கு சேலஞ்ச் (முடிவை ரீப்ளேயில் பார்க்கச் சொல்லும் உரிமை) கொடுப்பது, மேலே திரைக்கு முன்னால் ஒரு நடுவரை உட்கார வைப்பது, நடுவர்களை முழுநேர வேலைக்கு எடுப்பது. என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் மற்ற மூன்றும் வீண் என்று சொல்லவில்லை.

முடிவை மாற்றுவதற்கு ஒரு அழகான முன்னுதாரணம் உண்டு. 1940இல் கார்னெல், டார்ட்மத் கல்லூரிகள் மோதிய ஆட்டத்தில், பந்தைப் பத்து யார்டு நகர்த்த விதிப்படி கிடைக்கும் நான்கு முயற்சிக்குப் பதிலாக நடுவர் தவறுதலாக ஐந்தாவது முயற்சியும் கொடுத்துவிட, அதில் டச்டவுன் அடித்து கார்னெல் 7-3 என்று ஜெயித்தது. பிறகு ஃபிலிமைப் போட்டுப் பார்த்தார்கள், தப்பு தெரிந்தது, கார்னெல் தானாகத் தந்தி அடித்து வெற்றியை விட்டுக்கொடுத்தது. இன்றைக்கும் ஆட்டக் கணக்கில் டார்ட்மத் 3-0 தான். சரி, அதே தப்பு 1990இல் மிசூரிக்கு எதிராக கொலராடோவுக்கு நடந்தபோது? ஐந்தாவது முயற்சியில் 33-31 என்று ஜெயித்த கொலராடோ வெற்றியை விடவே இல்லை, அந்த வருடம் தேசியப் பட்டத்தில் பங்கும் வாங்கிக்கொண்டது. பெருந்தன்மையை நம்பி விதி எழுத முடியாது.

என்எஃப்எல்லில் 17ஆவது விதியின்படி அசாதாரணமான அநியாயம் நடந்தால் லீக்கின் தலைவரான கமிஷனர் தலையிடலாம். ஆனால் நடுவரின் கணிப்புத் தவறுகளுக்கு இது பொருந்தாது என்று அந்த விதியே சொல்லிவிடுகிறது. அது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. கொடி விழுந்திருந்தால் செயின்ட்ஸ் கட்டாயம் ஜெயித்திருக்கும் என்று யார் சத்தியம் செய்ய முடியும்? ஒரே ஒரு வகையில் மட்டும் மாற்றலாம் என்பேன். 2016இல் ஓக்லஹோமா ஸ்டேட், சென்ட்ரல் மிச்சிகன் ஆட்டம் விதிப்படி முடிந்தே போயிருந்தது, நடுவர்கள் தெரியாமல் இன்னொரு முயற்சி கொடுத்தார்கள், அதில் மிச்சிகன்காரர்கள் டச்டவுன் அடித்து 30-27 என்று ஜெயித்தார்கள். இங்கே 'என்ன நடந்திருக்கும்' என்ற ஊகத்துக்கே வேலையில்லை, ஆட்டம் முடிந்த இடத்தில் இருந்த ஸ்கோரைத் திரும்ப எழுதினால் போதும். நடுவர்களை இரண்டு ஆட்டம் சஸ்பெண்ட் செய்தார்கள், ஸ்கோரை அப்படியே விட்டார்கள்.

இரண்டாவது வழி கோச்சின் சேலஞ்ச். நோ காலுக்குப் பிறகு அணிகள் 31-1 என்று ஓட்டுப் போட்டு, 2019 சீசனில் பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் ரீப்ளேயில் பார்க்கலாம் என்றார்கள். கொடி விழுந்ததையும் விழாததையும். கனடா லீக் 2014லிருந்தே இதைச் செய்துகொண்டிருந்தது. காகிதத்தில் கச்சிதமான திட்டம். களத்தில் படுத்துவிட்டது.

கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரிந்தால்தான் மாற்றுவோம் என்று அளவுகோலை உயர்த்தி வைத்தார்கள், அந்த உயரத்தை யாரும் எட்டவில்லை. நவம்பரில் பால்டிமோர் வீரர் மார்லன் ஹம்ஃப்ரி, ஹூஸ்டனின் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸைப் பந்து வருவதற்கு முன்பே பிடித்து இழுத்தார், கோச் சேலஞ்ச் செய்தார், மாறவில்லை, ஒரு டைம் அவுட்டும் போனது. உச்சகட்டக் கொடுமை 2020 ஜனவரியில். செயின்ட்ஸுக்காகவே கொண்டுவந்த விதி அமலில் இருக்கும்போது, அதே செயின்ட்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஓவர்டைமில் வைக்கிங்ஸின் கைல் ருடால்ஃப் எதிரே நின்றவரைக் கையால் தள்ளிவிட்டுத்தான் (என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது) பந்தைப் பிடித்து ஆட்டத்தை முடித்தார். ரீப்ளே பார்த்தார்கள், இருவருமே ஒருவரையொருவர் தொட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். 26-20. அடுத்த சீசனில் அந்த விதி இல்லை.

காரணம் நடுவர்களின் பிடிவாதம் மட்டுமல்ல. ஸ்லோமோஷனில் எல்லாத் தொடுதலும் குற்றமாகத் தெரியும், அதனால் லீக் பயந்து கதவை முக்கால்வாசி சாத்திவிட்டது. கூடவே, களத்து நடுவர் சொன்னது சரி என்று முதலில் எடுத்துக்கொண்டு பிறகுதான் அதை உடைக்க வேண்டும் என்ற முறை வேறு. எந்த மேல்முறையீட்டிலும் கீழ்க்கோர்ட்டுக்கு ஒரு மதிப்பு இருக்கத்தானே செய்யும்.

மேலே உட்காரும் நடுவர் இங்கேதான் வேறுபடுகிறார். அவர் மேல்முறையீடு கேட்பவர் அல்ல, ஆட்டத்தை நடத்தும் குழுவில் இன்னொரு ஆள். டிவியில் நாம் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டு, அடுத்த பந்துக்குள் காதில் சொல்லிவிடுவார், ஆட்டம் நிற்க வேண்டியதில்லை. 2019 தொடக்கத்தில் வந்து சீசன் முடியும் முன்பே மூடிப்போன ஏஏஎஃப் லீக் 'ஸ்கை ஜட்ஜ்' என்று இதை நடத்திக் காட்டியது. நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், அதே 2019 ஐபிஎல்லில் பெங்களூரு ஆட்டத்தின் கடைசிப் பந்தில் மலிங்கா போட்ட நோபாலை யாரும் பார்க்கவில்லை என்று கோலி கொதித்தாரே, அதற்குப் பிறகு கோட்டைப் பார்க்கும் வேலையையே மூன்றாவது அம்பயருக்கு மாற்றிவிட்டார்கள், அந்த மாதிரி.

என்எஃப்எல்லும் 2021லிருந்து ரீப்ளே அசிஸ்ட் (ரீப்ளே பார்ப்பவர் களத்து நடுவருக்கு உதவுவது) என்று பாதி வழி வந்திருக்கிறது, 2024, 2025 சீசன்களில் அதற்கான பட்டியலையும் நீட்டினார்கள். ஆனால் வீரர்கள் செய்யும் குற்றங்களைப் பொறுத்தவரை, விழுந்த கொடியை எடுக்கச் சொல்லலாம், விழாத கொடியைப் போடச் சொல்ல முடியாது. அப்படியென்றால் ரோபி-கோல்மன் அதே இடியை இந்த விதிகளின் கீழ் இடித்தாலும் செயின்ட்ஸுக்கு அதே கதிதான்! ஒவ்வொரு பந்திலும் ஏதோ ஒரு பிடித்திழுப்பு இருக்கும், மேலே இருப்பவர் கொடி போட ஆரம்பித்தால் ஆட்டமே நடக்காது என்கிறார்கள். அதற்குத்தான் எல்லை வையுங்கள் என்கிறேன்: கடைசி இரண்டு நிமிடமும் ஓவர்டைமும் மட்டும், பந்தை ஒட்டி நடந்தது மட்டும், சாதாரண வேகத்தில் பார்த்தே தெரிவது மட்டும்.

முழுநேர நடுவர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017இல் சிலரை அப்படி எடுத்தார்கள், 2019இல் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அனுபவம் முக்கியம்தான், 2012இல் மாற்று நடுவர்களை வைத்து ஓட்டியபோது சியாட்டிலில் கடைசிப் பந்தில் ஒரு நடுவர் டச்டவுன் என்று கை தூக்க, பக்கத்தில் நின்றவர் வேறு சைகை காட்ட, கிரீன் பே 14-12 என்று தோற்றதைப் பார்த்தோம். ஆனால் அனுபவம் உள்ளவருக்கும் வாய் முந்தும். வழக்கறிஞரான எட் ஹாக்குலி நல்ல பெயர் வாங்கிய நடுவர். 2008இல் டென்வர் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் டென்வரின் ஜே கட்லர் கையிலிருந்து நழுவிய பந்தை பாஸ் என்று நினைத்து விசில் ஊதிவிட்டார், சான் டியாகோ எடுத்த பந்து செல்லாமல் போய் 39-38 என்று தோற்றது. வாரம் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் அந்த விசில் ஊதப்பட்டிருக்கும். அடுத்த வருடம் விதியை மாற்றித்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

என் வழிக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கடைசி நிமிடத்தில் கொடிகள் கூடும். 2023 சூப்பர் பவுலில் 35-35 என்று இருக்கும்போது ஃபிலடெல்ஃபியாவின் ஜேம்ஸ் பிராட்பெரி மீது கொடி விழுந்தது, கன்சாஸ் சிட்டி கடிகாரத்தை ஓட்டி 38-35 என்று கோப்பையைத் தூக்கியது, இப்படியா ஒரு இறுதி ஆட்டத்தை முடிப்பது என்று ஊரே திட்டியது. ஜெர்சியை இழுத்தேன் என்று பிராட்பெரியே ஆட்டம் முடிந்ததும் சொன்னார். திட்டு வாங்குகிற சரியான கொடியா, யாருமே போடாத கொடியா என்று கேட்டால், நான் முதலாவதையே எடுத்துக்கொள்வேன். ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.