ஆற்றில் பழகுவதா, நீச்சல்குளத்திலா?

திருநெல்வேலியில் குளம் என்றால் நயினார்குளம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் நீச்சல்குளம் என்று முழுசாகவே சொல்லிவிடுகிறேன். பிள்ளையை நெடுந்தூர நீச்சலுக்குப் பழக்க அது நல்லதா, தாமிரபரணியா?

நீச்சல்குளத்தின் பலம் கடிகாரம். 50 மீட்டர் குளத்தில் 1500 மீட்டர் என்பது 30 நீளம். தண்ணீருக்கு ஓட்டமில்லை, ஒவ்வொரு நொடியும் கணக்கில் வரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் பாபி ஃபிங்க் 14 நிமிடம் 30.67 நொடியில் முடித்ததை உலக சாதனை என்று சொல்ல முடிவது அதனால்தான்.

ஆற்றில் அந்தக் கணக்கு செல்லாது. தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் எதிர்த்து நீந்தினால் ஒரு நேரம், ஒழுக்கோடு வந்தால் வேறு நேரம். 2008 முதல் ஒலிம்பிக்கில் உள்ள 10 கிலோமீட்டர் திறந்தநீர் நீச்சலுக்கு உலக சாதனை நேரம் வைக்காததும் இதே காரணத்தால்தான். ஆனால் ஆறு கற்றுத்தருவதே வேறு. உதைத்துத் திரும்பச் சுவர் இல்லை, அடியில் கோடு இல்லை. நாலு கை போட்டதும் தலையைத் தூக்கி, கோயில் மண்டபத்தைக் குறிபார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும். 1994இல் தமிழக நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையைக் கடந்தபோது வயது 12. கடலில் தேவைப்படுவது இந்தப் பழக்கம்தான். (உப்பும் சொறிமீனும் ஆற்றில் கிடையாது, அது தனிக் கதை.)

என் கணக்கு: வாரத்தில் ஐந்து நாள் நீச்சல்குளம், ஞாயிறு மட்டும் ஆறு, கரையில் பெரியவர் ஒருவரோடு. ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு என்ன செய்தது என்று திருநெல்வேலி ஜங்ஷன்காரர்களைக் கேளுங்கள்.