இரண்டாம் வாசிப்பில் மிஞ்சியவை: காதல் நாவல்களோடும் மாய உலகங்களோடும் பதினோரு ஆண்டுகள்

படித்து முடிக்கும் ஒவ்வொரு நாவலுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவது பதினோரு ஆண்டுகளாக என் வழக்கம். பக்கத்தின் நடுவே ஒரு கோடு இழுத்திருப்பேன். இடப்புறத்தில் இருப்பது புத்தகத்தை மூடிய அன்றே எழுதியது. வலப்புறத்தில் இருப்பது, குறைந்தது இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாவலை மறுபடி படித்தபின் எழுதியது. வலப்புறம் நிரம்பாத எந்த நாவலையும் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை என்பதை ஒரு விரதம் போலவே காத்து வருகிறேன். நான் படிப்பவற்றில் பெரும்பகுதி காதல் நாவல்களும் ஃபேன்டசி நாவல்களும்தான். இரண்டையும் கலந்து 'ரொமான்டசி' என்ற பெயரில் வருபவை அண்மைய ஆண்டுகளில் சேர்ந்துகொண்டன. கோட்டின் இரு புறமும் ஒரே கருத்தைச் சொல்லும் பக்கங்கள் மிகக் குறைவு. அந்தச் சில நாவல்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் கதையை மறித்து நின்ற தடை மெய்யான தடையாக இருந்தது என்பதைக் கண்டேன். மற்றவற்றில் அது, ஆசிரியர் நினைத்தால் எந்த நிமிடமும் விலக்கிவிடக்கூடிய திரைச்சீலையாக இருந்தது.

காதல் நாவலில் தடைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதற்கு அந்த வகையின் இலக்கணமே விடை சொல்கிறது. அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இவ்வகைக்கு இரண்டே கூறுகளைத்தான் வகுத்திருக்கிறது: கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். அதாவது, இருவரும் சேர்வார்கள் என்பது முதல் பக்கத்தைத் திறக்கும் முன்பே நமக்குத் தெரியும். முடிவு தெரிந்த கதையை நானூறு பக்கங்களுக்கு ஒருவர் படிக்கிறார் என்றால், அவர் படிப்பது இடையில் நிற்கும் தடையைத்தான். அந்தத் தடை ஒரு தவறான புரிதல் மட்டுமாக இருந்து, ஒரே ஒரு நேர்ப்பேச்சில் தீர்ந்துவிடும் என்றால், முதல் வாசிப்பில் தூக்கம் கெட்ட உற்சாகத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இரண்டாம் வாசிப்பில் அதைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. கதவருகே நின்று பாதிப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு ஊரை விட்டே போகும் நாயகி, அவளைத் தேடாமல் ஐந்து ஆண்டுகள் முகம் இறுகித் திரியும் நாயகன் ஆகியோரின் கதைகள் பலவற்றுக்கு என் இடப்புறக் குறிப்பு 'அழுதேன்' என்றும், வலப்புறக் குறிப்பு 'எதற்காக?' என்றும் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான நாவலாக நான் காண்பது 1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'. முதல் முறை படித்தபோது, கர்வம் பிடித்த ஒருவனும் அவசரமாக முடிவெடுக்கும் ஒருத்தியும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்ட கதை என்று எழுதி வைத்தேன். மறுபடி படித்தபோதுதான் அத்தியாயங்களை எண்ணிப் பார்க்கத் தோன்றியது. மொத்தம் 61 அத்தியாயங்கள். டார்சி எலிசபெத்திடம் முதல் முறை தன் காதலைச் சொல்லி, கடுமையாக மறுக்கப்படுவது 34-ஆம் அத்தியாயத்தில். மறுநாள் அவன் தரும் கடிதம் 35-இல் வந்துவிடுகிறது. டார்சி தனக்கு அநீதி செய்ததாக அவளை நம்பவைத்திருந்த விக்கமைப் பற்றிய உண்மை முழுவதும் அதில் இருக்கிறது. வெறும் தவறான புரிதலின் மேல் கட்டிய கதையாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இன்னும் 26 அத்தியாயங்கள் மீதம் இருக்கின்றன. ஏனென்றால், அவள் சாட்டிய குற்றங்களில் ஒன்று உண்மையானது: அவளுடைய அக்காவையும் தன் நண்பன் பிங்லியையும் பிரித்ததில் அவனுக்குப் பங்கு இருந்தது, கடிதத்தில் அவனே அதை ஒப்புக்கொள்கிறான். அவளுடைய குடும்பத்தார் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி அவன் சொன்னதும், கேட்கக் கசந்தாலும், பொய்யில்லை. ஆகவே விளக்கம் கிடைத்த பின்பும் தடை அப்படியே நிற்கிறது. அதைத் தாண்ட இருவருமே கொஞ்சம் வேறு மனிதர்களாக வேண்டியிருக்கிறது. கடிதத்தை அவள் மறுபடி மறுபடி படிக்கும் அந்தப் பகுதியில், தன்னைப் பற்றித் தனக்கே இதுவரை தெரிந்திருக்கவில்லை என்று ஒருத்தி உணர்வதை, நானும் ஒரு மறுவாசிப்பில்தான் சரியாகப் படித்தேன் என்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருந்தது.

அதே ஆசிரியர் மறைந்த 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'பெர்சுவேஷன்' நாவலோடு எனக்கு நடந்தது வேறு. இருபது வயதைத் தாண்டியிருந்த காலத்தில் படித்துவிட்டு 'மந்தம். எவரும் எதுவும் பேசுவதில்லை' என்று எழுதியிருக்கிறேன். அதன் நாயகி ஆன், பத்தொன்பது வயதில், தாய்க்கு நிகராகத் தான் மதிக்கும் ஒரு பெண்மணியின் அறிவுரைக்கு இணங்கிக் காதலனை விலக்கியவள். கதை நடக்கும்போது அவளுக்கு வயது இருபத்தேழு. அந்த வயதைக் கடந்த பின் மறுபடி படித்தேன். இங்கே தடை எதிரியின் சதியுமல்ல, விதியுமல்ல. அவளே ஒரு காலத்தில் எடுத்த முடிவும், அதன் பின் கழிந்துபோன ஆண்டுகளும்தான். முன்பு மந்தம் என்று எனக்குத் தோன்றியது, ஒரே அறையில் இருந்தும் பேச உரிமை இல்லாத இருவரின் மௌனம் என்று புரிந்தபோது, பழைய குறிப்பை அடிக்கப் பேனாவை எடுத்தேன். பின்னர் அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விட்டுவைத்திருக்கும் வேறொரு குறிப்பு எனக்கே கூச்சம் தருவது. நாயகியின் கைபேசியைச் சோதிப்பவன், அவள் யாரோடு பேசலாம் என்று முடிவு செய்பவன், சினம் வந்தால் சுவரைக் குத்துபவன் என்று ஒரு நாயகன் பல பிரபல நாவல்களில் உலவுகிறான். அவனைப் பற்றி 'எவ்வளவு அக்கறை!' என்று என் கைப்படவே எழுதியிருக்கிறேன். சில ஆண்டுகள் கழித்துப் படித்தபோது வயிற்றில் ஏதோ இறுகியது. ஐம்பது பக்கங்களுக்கு மேல் போக முடியவில்லை. அந்தக் கதைகளில் உண்மையான தடை அவனே. ஆனால் ஆசிரியர் அவனைப் பரிசாக நீட்டுகிறார்.

ஃபேன்டசி நாவல்களுக்கு வந்தால், காதல் நாவலில் தடை செய்யும் வேலையை இங்கே மாயத்தின் விலை செய்கிறது. மந்திரம் எதை வேண்டுமானாலும் செய்யும் என்றால் எந்த ஆபத்தும் ஆபத்தில்லை. நான் ஆவலோடு தொடங்கிய ஒரு நீண்ட தொடரில், ஒவ்வொரு பாகத்தின் இறுதியிலும் நாயகிக்குள் அதுவரை எவரும் கேள்விப்படாத ஒரு புதிய சக்தி விழித்துக்கொள்ளும். முதல் பாகத்தில் கைதட்டினேன். நான்காம் பாகத்தில், எதிரிகள் சூழ்ந்துகொண்ட கட்டத்தில், பக்கத்தில் குறி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். எப்படியும் ஏதோ ஒன்று விழிக்கப்போகிறது, நான் ஏன் விழித்திருக்க வேண்டும்?

உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' அளவில் மெலிந்த புத்தகம். அதில் ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் ஆளுகை உண்டு. உலகில் எதை மாற்றினாலும் உலகின் சமநிலை அசைகிறது என்று மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லித் தருகிறார்கள். இளம் மாயாவி கெட், சக மாணவன் ஒருவனிடம் தன் திறமையைக் காட்ட வேண்டும் என்ற வீம்பில் இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவின் வழியே ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. அந்தப் பிளவை மூடும் முயற்சியில் பள்ளியின் தலைமை மாயாவி உயிரை இழக்கிறார்; கெட் முகத்தில் தழும்போடு மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கிறான். ஒரு நொடி வீம்புக்கு இவ்வளவு விலையா என்று முதல் முறை நினைத்தேன். மறுவாசிப்பில், மீதிக் கதை முழுவதும் அந்த விலையைச் செலுத்தும் பயணம்தான் என்பது தெரிந்ததால், ஒவ்வொரு தீவும் ஒவ்வொரு படகுப் பயணமும் கனம் கூடித் தோன்றின.

பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' (2006) இதே கணக்கை ஓர் எந்திர நேர்த்தியோடு போடுகிறது: உலோகத்தை விழுங்கி வயிற்றுக்குள் 'எரித்தால்'தான் சக்தி, உலோகம் தீர்ந்தால் சக்தியும் தீர்ந்தது. எஃகை எரிப்பவர் உலோகப் பொருளைத் தள்ளலாம். ஆனால் அந்தப் பொருள் அவரைவிடக் கனமானது என்றால், தள்ளப்படுவது அவர்தான். சண்டைக் காட்சிகளை நான் வழக்கமாக மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போவேன். இந்த விதி தெரிந்ததால் இங்கே ஒரு வரியையும் தாண்டவில்லை.

நீண்டகால வாசிப்பு என்ற சொல்லுக்கு முழுப் பொருள் தந்தது ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்'. 1990-இல் தொடங்கி 2013-இல் முடிந்த 14 பாகங்கள். ஜோர்டன் 2007-இல் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு கடைசி மூன்று பாகங்களையும் சாண்டர்சன் எழுதி முடித்தார். இவ்வுலகில் ஆண்கள் பயன்படுத்தும் மாயசக்தியில் நஞ்சு கலந்திருக்கிறது; பயன்படுத்தப் பயன்படுத்தப் பித்துப் பிடிக்கும். உலகைக் காக்க வேண்டிய நாயகனோ அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். இப்படி ஒரு முடிச்சு இருப்பதால்தான், நடுப்பாகங்களில் கதை நத்தை போல் நகர்ந்தபோதும் நான் இறங்கிப் போகவில்லை. இரண்டாம் முறை அந்தப் பாகங்களை ஒலிநூலாகக் கேட்டேன். நடந்துகொண்டே கேட்கும்போது வருணனைகள் சுமையாக இல்லை. பெயர்ப் பட்டியல்கள் மட்டும் காதில் நிற்கவில்லை, அதற்கு அச்சுப் புத்தகத்தின் பின்னிணைப்பே கதி. எழுதிய கை மாறிய இடத்தில் வேகம் கூடியதையும், ஒரு பாத்திரத்தின் நகைச்சுவை சற்று வேறு குரலில் ஒலித்ததையும் கவனித்தேன், குறையாகத் தோன்றவில்லை. (முடிவடையாத தொடர்களை இப்போது நான் தொடங்குவதில்லை. 2011-இல் ஒரு பாகத்தைப் படித்துவிட்டு அடுத்ததற்காக இன்றும் காத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை.)

ரொமான்டசியில் இரு கணக்குகளும் ஒரே நேரத்தில் சரியாக வர வேண்டும் என்பதால் அங்கே தோல்விகள் அதிகம். 'எதிரிகள் காதலர்களாகும் கதை' என்று அட்டையிலேயே சொல்லப்படும் நாவல்கள் பலவற்றில் அந்தப் பகை மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை. அவனுடைய தோள் அகலத்தை அவள் கவனித்த உடனே போர் முடிந்துவிடுகிறது. இந்த எரிச்சலோடு, பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல்தான் ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) நாவலைத் திறந்தேன். எளிதில் மூட்டு விலகும் பலவீனமான உடல் கொண்ட வயலட், டிராகன் வீரர்களுக்கான போர்க் கல்லூரியில் சேர்க்கப்படுகிறாள். அங்கே அவள் எதிர்கொள்ளும் சேடனின் தந்தை கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி மரண தண்டனை பெற்றவர். அந்தத் தண்டனையில், படைத்தளபதியான அவள் தாய்க்குப் பங்கு உண்டு. பகைக்கு இது போதுமான காரணம். அதற்குமேல், இருவரின் டிராகன்களும் தமக்குள் துணைகள்; நெடுநாள் பிரிந்திருக்க முடியாதவை; ஒன்றின் சாவு மற்றதையும், வீரர்கள் இருவரையும் சேர்த்தே பாதிக்கும். ஆக, அவளை அவன் வெறுக்கலாம், ஆனால் சாகவிட முடியாது. விலகி ஓடுவதற்கு வழியே இல்லாமல் மாய உலகமே இருவரையும் கட்டி வைக்கிறது; காதலின் தடையும் மாயத்தின் விலையும் இங்கே ஒரே கயிற்றின் இரு முனைகள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் படித்தபோது உரையாடல்கள் முன்பு இருந்த அளவுக்குக் கூர்மையாகத் தோன்றவில்லை என்றாலும், அந்தக் கயிறு தளரவில்லை என்றே வலப்புறத்தில் எழுதினேன்.

இத்தனை சொன்ன பிறகு ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. பாதிப் பேச்சைக் கேட்டு ஊரை விட்டுப் போகும் நாயகியின் கதைகளில் ஒன்று, நான் இங்கே எழுதிய ஒவ்வோர் அளவுகோலிலும் தோற்கக்கூடியது, என் படுக்கையருகே முதுகு பிளந்து கிடக்கிறது. காய்ச்சல் வந்தால் கை தானாக அதைத்தான் எடுக்கும். எந்தப் பக்கத்தில் அவர்கள் பேசியிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் வரும்போது கொஞ்சம் மெதுவாகப் படிப்பேன். குறிப்பேட்டில் அதன் வலப்புறத்தில் கருத்து எதுவும் இல்லை. நான்கு தேதிகள் மட்டும், ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன.