சுக்கினி குவிந்தால்: கூட்டா, வறுவலா?

ஜூலை, ஆகஸ்டில் அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் பூசணி இனக் காய்களான சுக்கினியும் மஞ்சள் ஸ்குவாஷும் காய்த்துத் தள்ளும். சில நாள் பறிக்காமல் விட்டால் பிஞ்சு முழங்கை நீளத்துக்குப் போய்விடும்.

அப்படி முற்றிய காய்க்குக் கூட்டுதான். நீளவாக்கில் பிளந்து, நடுவிலுள்ள பஞ்சையும் விதையையும் ஸ்பூனால் வழித்தெடுங்கள். தோல் தடித்திருந்தால் சீவிவிடுங்கள். காயில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான். அதனால் மஞ்சள்தூள், உப்பு போட்டுச் சிறுதீயில் மூடிவைத்தால் தன் நீரிலேயே வெந்துவிடும். அப்புறம் தனியாக வேகவைத்த பாசிப்பருப்பு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் சேர்த்த அரைப்பு, கடைசியில் தாளிப்பு. இரண்டு பெரிய காய் ஒரே சட்டியில் அடங்கிவிடும். குவியலைத் தீர்க்க இதுவே நல்ல வழி என்பேன்.

வறுவல் பிஞ்சுக்கு மட்டும். வட்டமாக நறுக்கி, உப்பு தூவிக் கால் மணி நேரம் வைத்து, கசியும் நீரைத் துணியால் ஒற்றியெடுங்கள். மிளகாய்த்தூள் பிரட்டி, சூடான இரும்புக்கல்லில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். நெருக்கினால் ஆவியில் வெந்து குழைந்துவிடும். ருசியில் கூட்டை மிஞ்சும், ஆனால் ஒரு ஈட்டுக்கு ஒரு காய்தான் பிடிக்கும். எடுத்துவைத்தால் சொதசொதவென்றாகிவிடும், சாப்பிட உட்காரும்போது போடுங்கள்.