கல்யாணத்துக்குப் பிறகு வரும் காதல்: ‘த ஸ்டோரி ஆஃப் மிங்லான்’

மெதுவாகப் பற்றும் காதல் கதை பிடிக்கும் என்றால், 2018 டிசம்பரில் வெளிவர ஆரம்பித்த இந்தச் சீனத் தொடரைத் தாராளமாகப் பார்க்கலாம். மொத்தம் 73 எபிசோட். கல்யாணம் நடப்பதற்கே பாதித் தொடர் ஓடிவிடும், நாயகி மனதில் காதல் வருவது அதற்கும் பிறகுதான்.

சோங் வம்சக் காலத்துக் கதை. ஷெங் வீட்டின் ஆறாவது மகள் மிங்லான், இளையாளுக்குப் பிறந்தவள். அம்மா அடுத்த பிரசவத்தில் இறந்துபோக, பாட்டியிடம் வளர்கிறாள், புத்திசாலித்தனத்தை வெளியே காட்டினால் ஆபத்து என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொள்கிறாள். முதல் எபிசோடில், அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குச் சீராக வந்த காட்டு வாத்துகளை அண்ணன் பந்தயத்தில் வைத்துத் தோற்கும் நிலைக்கு வந்துவிட, இந்தச் சிறுமி ஜாடிக்குள் அம்பு எறிந்து மீட்கிறாள். எதிரில் ஆடியவன், பின்னால் அவளுக்குக் கணவனாகப் போகும் கு டிங்யே. அவள் உண்மையில் எப்படிப்பட்டவள் என்று அவன் அன்றைக்கே பார்த்துவிட்டான், எனக்கு இந்தக் காதல் நம்பும்படி இருப்பதற்கு அதுதான் காரணம்.

கல்யாணமான பிறகு குறையே சொல்ல முடியாத மனைவியாக நடந்துகொள்கிறாள், ஆனால் மனசைத் திறக்க மாட்டாள். அவனுக்கு வேதனையே அதுதான், ஒரு தடவையாவது இவள் கோபப்பட மாட்டாளா, பொறாமைப்பட மாட்டாளா என்று ஏங்குகிறான். மிங்லானாக நடிக்கும் ஜாவோ லியிங் அந்தத் தயக்கத்தைக் கண்ணிலேயே காட்டிவிடுகிறார், அபாரம்!

அரண்மனை அரசியல் கொஞ்சம் இழுவைதான், ஆரம்பத்தில் சொந்தபந்தங்களின் பெயர்களும் குழப்பும். அங்கே வேண்டுமானால் ஓட்டிப் பாருங்கள், பாட்டி வரும் காட்சிகளை மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.