பண்டிகை அன்றேயா, வார இறுதியிலா?

வெளிநாட்டில் படிக்கும்போது நம் நாட்டுப் பண்டிகை பெரும்பாலும் வகுப்புள்ள நாளில்தான் வரும். அன்றைக்கே அறையில் கொண்டாடினால் வீட்டாரோடு வீடியோ காலில் சேர்ந்துகொள்ளலாம். அந்த நெருக்கத்துக்கு ஈடில்லை. ஆனால் நேர வித்தியாசம் படுத்தும். அங்கே விடியற்காலை என்றால் இங்கே நள்ளிரவு, விடிந்தால் வகுப்பு. விடுதி அறையில் மெழுகுவத்தி ஏற்றவும் பல இடங்களில் தடை; புகை பட்டாலே அலாரம் அலறி, மொத்தக் கட்டடமும் வாசலுக்கு வந்துவிடும்.

மாணவர் சங்கத்தோடு வார இறுதியில் கொண்டாடினால் தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான். பெரிய கூடம் கிடைக்கும், சமையலுக்கு நாலு கை சேரும், வேற்று நாட்டு நண்பர்களையும் கூப்பிடலாம். முதலாண்டு மாணவர்களுக்கு நான் இதையே சொல்வேன். பண்டிகைக் காலத்தில் தனிமை ரொம்பவே வாட்டும். பண்டிகை அன்று வீட்டுக்கு ஒரு போன் மட்டும் போட்டுவிடுங்கள்.