வெனிஸா, ஃப்ளாரன்ஸா: இரண்டே நாள் இருந்தால் எங்கே நடப்பது?

வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து ஞாயிறு மாலை கிளம்ப வேண்டும். கையில் இரண்டு பகல், இரண்டு இரவு. இத்தாலியில் காலாலேயே சுற்றி முடிக்கக்கூடிய பழைய ஊராக ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், ரோம் ரொம்பப் பெரிது என்று ஆரம்பத்திலேயே கழிந்துவிடும். பேச்சு கடைசியில் வெனிஸிலும் ஃப்ளாரன்ஸிலும் வந்து நிற்கும்.

இரண்டுக்கும் நடுவே அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான். அதனால் சனிக்கிழமை இது, ஞாயிற்றுக்கிழமை அது என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அறையைக் காலி செய்வது, பெட்டியை இழுப்பது, ரயிலைப் பிடிப்பது, இன்னோர் ஊரில் மறுபடி அறையைத் தேடுவது என்று அரை நாள் காணாமல் போய்விடும். இரண்டு நாளில் அரை நாள் கால் பங்கு. நான் இரண்டு ஊருக்கும் தனித்தனியாகத்தான் போனேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

பெட்டியும் பாலமும்

ஃப்ளாரன்ஸின் சாண்டா மரியா நொவெல்லா ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் துவோமோ என்று அங்கே சொல்கிற பேராலயத்தின் முன்னால் நிற்பீர்கள். தரை சமதளம். கல் பாவிய தெரு என்பதால் பெட்டிச் சக்கரம் கடகடவென்று சத்தம் போடும், அவ்வளவுதான்.

வெனிஸில் சாண்டா லூசியா நிலையத்தின் படியிறங்கினால் எதிரே கிராண்ட் கனால் என்ற பெரிய கால்வாய். பேருந்து நிற்க வேண்டிய இடத்தில் படகு நிற்கிறது. முதல் முறை போனபோது, அறை பக்கம்தானே, நடந்தே போய்விடலாம் என்று நினைத்தேன். தொலைவைப் பார்த்தேனே தவிர, நடுவில் எத்தனை பாலம் என்று பார்க்கவில்லை. அங்கே பாலம் என்றால் ஏறுவதற்குப் பத்துப் பதினைந்து படி, இறங்குவதற்கு அதே அளவு. படியின் விளிம்பு வெள்ளை இஸ்திரியக் கல், பல தலைமுறைக் கால்கள் தேய்த்து வழவழவென்று இருக்கும். பெட்டியைத் தூக்கி ஏறி, தூக்கி இறங்கி, நாலாவது பாலத்தில் கை சோர்ந்து படியோடு இழுத்தேன். ஒரு சக்கரம் கழன்று உருண்டு ‘ப்ளக்’ என்று தண்ணீரில் விழுந்தது. மிச்ச வழி முழுக்க அந்தப் பெட்டி நொண்டிக்கொண்டே வந்தது. அப்புறம் தெரிந்துகொண்டேன், உள்ளூரில் சரக்கு தள்ளுகிறவர்களின் வண்டியில் பாலம் ஏறுவதற்கென்றே முன்பக்கம் இரண்டு சின்னச் சக்கரம் தனியாக வைத்திருக்கிறார்கள்.

வெனிஸ் 118 தீவுகள். அவற்றை 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. சரிவுப் பாதை உள்ளவை குறைவு. முட்டி வலியுள்ள அம்மா அப்பாவோடோ, தள்ளுவண்டியில் குழந்தையோடோ போகிறீர்கள் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதே இல்லை, ஃப்ளாரன்ஸுக்கு டிக்கெட் எடுங்கள். மற்றவர்களுக்குத்தான் மீதிக் கதை.

வழி கண்டுபிடிப்பது

ஃப்ளாரன்ஸின் நடுப்பகுதி ரோமானியர்கள் போட்ட கட்டம். தெருக்கள் ஏறக்குறைய நேர்கோடு. வழி தவறினால் நாலு தெரு முனையில் ஒன்றிலாவது துவோமோவின் செங்கல் நிறக் குவிமாடம் தலைகாட்டும், அதை வைத்துத் திரும்பிவிடலாம். 1865 முதல் சில ஆண்டுகள் இந்த ஊர் இத்தாலியின் தலைநகராக இருந்தபோது பழைய கோட்டைச் சுவரைப் பெரும்பாலும் இடித்து அகலச் சாலைகளாக்கினார்கள். அந்த வளையத்துக்குள் இருந்தால் எங்கிருந்து எங்கு போகவும் முக்கால் மணி நேரம் போதும்.

வெனிஸில் கைப்பேசி வரைபடத்தை நம்ப முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகளில் நீலப் புள்ளி பக்கத்துக் கால்வாயில் போய் மிதக்கும். சுவர்களில் மஞ்சள் பலகைகள் இருக்கின்றன: ‘ரியால்டோவுக்கு’ (பெரிய பாலம்), ‘சான் மார்கோவுக்கு’ (பெரிய சதுக்கம்) என்று அம்புக்குறி. சில இடங்களில் ஒரே பெயருக்கு இரண்டு பக்கமும் அம்பு. இரண்டுமே சரிதான், எந்தப் பக்கம் போனாலும் போய்ச் சேரலாம்.

வீட்டு எண்ணில் இரண்டு ஊரும் போட்டி போட்டுக் குழப்புகின்றன. வெனிஸில் எண் தெருவுக்கு இல்லை, பேட்டைக்கு. மொத்தம் ஆறு பேட்டை. காஸ்தெல்லோ பேட்டையில் எண் ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. ‘காஸ்தெல்லோ 4,200’ என்று முகவரி கொடுத்தால் அது எந்தச் சந்து என்று தபால்காரருக்குத்தான் தெரியும். ஃப்ளாரன்ஸில் ஒரே தெருவில் இரண்டு வரிசை: கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்கு நீலமோ கறுப்போ. சிவப்பு 14-ம் நீல 14-ம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அறை பதிவு செய்யும்போது எண்ணுக்குப் பின்னால் ‘ஆர்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிவப்பு.

உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும்

என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ஃப்ளாரன்ஸின் சொத்து கதவுக்குப் பின்னால் இருக்கிறது. வெனிஸின் சொத்து தெருவிலேயே கிடக்கிறது.

ஃப்ளாரன்ஸில் நீங்கள் எதற்காகப் போகிறீர்களோ அது ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரச்சீட்டு வேண்டும். மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை அக்காதெமியா அருங்காட்சியகத்துக்குள். பொத்திச்செல்லியின் ஓவியங்கள் உஃபிஸி அருங்காட்சியகத்துக்குள். துவோமோவின் மேல் புருனெல்லெஸ்கி கட்டிய குவிமாடத்தில் ஏற வேண்டும் என்றால் நாளும் நேரமும் முன்கூட்டியே பதிய வேண்டும். அந்த மூன்றையும் சனி, ஞாயிறில் அடுக்குவது தேர்வு அட்டவணை போடுவது மாதிரி. துவோமோவுக்குள் பார்வையாளர்களை ஞாயிற்றுக்கிழமை விடுவதில்லை, எனவே அது சனிக்கிழமையே முடிந்தாக வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். கேட்க நன்றாக இருக்கும், வரிசையைப் பார்த்தால் காசு கொடுத்தே சனிக்கிழமை போயிருக்கலாமே என்று தோன்றும். திங்கட்கிழமை லீவு போட்டு இன்னொரு நாள் நீட்டலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று: உஃபிஸிக்கும் அக்காதெமியாவுக்கும் திங்கள் விடுமுறை.

ஆனாலும் அந்தக் குவிமாடம் இருக்கிறதே! 463 படி, லிஃப்ட் கிடையாது. கட்டியது 1420-லிருந்து 1436 வரை. கீழிருந்து மரச்சாரம் முட்டுக் கொடுத்துத் தாங்காமல் அவ்வளவு பெரிய கூரையை எழுப்பினார்கள். எப்படி என்று ஏறும்போதே கொஞ்சம் புரியும். உள் ஓடு, வெளி ஓடு என்று இரண்டு ஓடுகள். அவற்றுக்கு நடுவேதான் நீங்கள் ஏறுகிறீர்கள். மேலே போகப் போக சுவர் உங்கள் தலைமேல் சாய்கிறது. சில இடங்களில் செங்கல் வரிசைக்கு நடுவே சில கற்கள் செங்குத்தாக, மீன் முள் போலக் கோத்து நிற்பது தெரியும். ஈரக் கலவையின் மேல் வைத்த செங்கல் சரியாமல் பிடித்துக்கொண்டது அந்தக் கோப்புதான். நான் மூச்சு வாங்க நின்ற இடத்தில் அதைக் கையால் தொட்டுப் பார்த்தேன். பின்னால் வந்தவர் இருமித் தொலைத்தார், நகர வேண்டியதாயிற்று.

சீட்டு கிடைக்கவில்லை என்றால் ஃப்ளாரன்ஸ் வீணா? அதுவும் இல்லை. சிஞ்ஞோரியா சதுக்கத்தில் தாவீதின் நகல் நிற்கிறது. அசல் அங்கேதான் இருந்தது, 1873-ல் உள்ளே கொண்டுபோய்விட்டு 1910-ல் நகலை வைத்தார்கள். பக்கத்துத் திறந்த மண்டபத்தில் சிற்பி செல்லினி வார்த்த கிரேக்கப் புராண வீரன் பெர்செயுஸ், அரக்கி மெதூசாவின் தலையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறான். அது அசல், பைசா செலவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் 1345-ன் பொன்டே வெக்கியோ. 1944-ல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் ஆர்னோ ஆற்றின் பாலங்களைத் தகர்த்தபோது ஊருக்குள் மிஞ்சியது அது ஒன்றுதான். பகலில் அங்கே நகைக்கடைக் கூட்டத்தில் ஆறே தெரியாது. இரவு பத்து மணிக்குப் போங்கள்.

வெனிஸில் சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டியவை இல்லாமல் இல்லை. சான் மார்கோ பேராலயம் இருக்கிறது (ஞாயிறு என்றால் பிற்பகல்தான் பார்வையாளர்களுக்குத் திறக்கும்), பழைய வெனிஸை ஆண்ட தலைவரான தோஜேயின் அரண்மனை இருக்கிறது. ஆனால் இரண்டையும் விட்டுவிட்டு இரண்டு நாளும் சும்மா நடந்தாலும் ஊரைப் பார்த்தவராகத்தான் திரும்புவீர்கள். ஃப்ளாரன்ஸைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அங்கே தெருக்கள் பல இடங்களில் இறுக்கமாகவும் கடுமையாகவும் இருக்கும். அரண்மனைகள் தெருவுக்குக் காட்டுவது கரடுமுரடான கல் முதுகை. அழகை முற்றத்துக்குள் வைத்துக்கொண்டார்கள்.

வெனிஸில் சிக்கல் கூட்டம். காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை ரியால்டோவுக்கும் சான் மார்கோவுக்கும் நடுவே நீங்கள் நடக்க மாட்டீர்கள், நகர்த்தப்படுவீர்கள். 2024-லிருந்து பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணமே வந்துவிட்டது. வசந்தம் முதல் கோடையின் நடுவரை குறிப்பிட்ட நாட்களில், பெரும்பாலும் வார இறுதிகளில், காலை 8.30 முதல் மாலை 4 வரை. 2025-ல் முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு. கரைக்கு அந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் அறை மலிவு, பத்து நிமிட ரயில் என்று ஆசைகாட்டுவார்கள். அதில் விழாதீர்கள். வெனிஸின் நல்ல நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பதும் இரவு ஒன்பதுக்கு மேலும். அந்த நேரத்தில் நீங்கள் தீவுக்குள் இல்லை என்றால் போனதில் பாதி வீண்.

நான் ஒரு காலை ஆறரைக்கு எழுந்து இறங்கினேன். மோட்டார் சத்தம் இருந்தது, ஆனால் எல்லாம் தண்ணீரில். ஒரு படகில் காய்கறிக் கூடைகள், இன்னொன்றில் சலவைக்குப் போகும் விரிப்பு மூட்டைகள், மூன்றாவதில் ஒரு குளிர்சாதனப் பெட்டி கயிறு கட்டி நின்றுகொண்டு போனது. குப்பை வண்டியும் படகுதான். ஒரு சந்தில் துடைப்பச் சத்தம். என் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. பெரிய ஊர் ஒன்றின் நடுவே அது எனக்குக் கடைசியாக எப்போது கேட்டது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

காசும் தண்ணீரும்

ஃப்ளாரன்ஸில் ஊருக்குள் போக்குவரத்துச் செலவு சுத்தமாக இல்லை. பணமெல்லாம் நுழைவுச்சீட்டுக்குப் போகும். வெனிஸில் நேர்மாறு. வாப்பொரெட்டோ என்ற பொதுப் படகில் 75 நிமிடச் சீட்டே 9.50 யூரோ. அதை ஒருமுறை வாங்குங்கள், 1-ம் எண் படகில், கிராண்ட் கனால் முழுக்கப் பார்த்துவிடலாம். கோண்டோலா பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இது நகராட்சி வைத்த விலை, படகுக்குத்தான், ஆளுக்கு அல்ல. அவ்வளவு வேண்டாம் என்றால் கால்வாயைக் கடக்கும் த்ராகெத்தோ இருக்கிறது. அதுவும் ஒருவகைக் கோண்டோலாதான், இரண்டு யூரோ, இரண்டு நிமிடம். அக்கரை வந்துவிடும், ஆசையும் தீர்ந்துவிடும்.

தண்ணீர் என்றதும் எல்லோரும் வெனிஸைத்தான் பயந்து கேட்பார்கள். 1966 நவம்பர் 4 அன்று இரண்டு ஊரும் ஒரே நாளில் மூழ்கின. வெனிஸில் கடல் மட்ட அளவுகோலில் 194 செ.மீ., இன்றுவரை அதுதான் உச்சம். ஃப்ளாரன்ஸில் ஆர்னோ பொங்கி சாண்டா குரோச்சே பக்கம் மாடி உயரத்துக்கு ஏறியது. அந்தப் பேட்டையில் நடந்தால் சுவரில் ‘தண்ணீர் இதுவரை வந்தது’ என்ற கல்வெட்டுகளை அண்ணாந்துதான் படிக்க வேண்டும். சான் ரெமிஜியோ தெருவில் 1333 வெள்ளத்துக்கும் ஒன்று உண்டு, அலையைத் தொட்டுக்காட்டும் ஒரு கை செதுக்கியிருக்கிறார்கள். அந்த வெள்ளமும் நவம்பர் 4-தான். வெனிஸில் 2020 அக்டோபரிலிருந்து கடல் நீர் நுழையும் வாய்களில், வெள்ளம் வரும்போது மட்டும் மோசே என்ற நகரும் தடுப்புகளை உயர்த்துகிறார்கள், பெரிய வெள்ளம் உள்ளே வருவது நின்றிருக்கிறது. சான் மார்கோ சதுக்கத்தின் தாழ்ந்த மூலைகளில் கணுக்கால் நனையலாம், அதற்கு மேல் கவலை வேண்டாம்.

மழைதான் பயம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் பொலோஞ்ஞாவில் இறங்கிவிடலாம், ஒரே ரயில் பாதைதான். ஊரின் தூண் தாழ்வாரங்கள் மொத்தம் 62 கி.மீ. சான் லூக்கா குன்றுக்கு 666 வளைவுகளின் கீழேயே நடந்து ஏறலாம், குடை வேண்டாம். ஆனால் அது இரண்டாவது இத்தாலிப் பயணத்துக்கான ஊர்.

என் ஓட்டு வெனிஸுக்கு, தீவுக்குள் அறை கிடைத்தால். கிடைக்கவில்லை, அல்லது விலை கட்டவில்லை என்றால் யோசிக்காமல் ஃப்ளாரன்ஸ். ஓவியப் பைத்தியம் உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அவர்களுக்கு உஃபிஸி ஒன்றே ஒரு நாள் தின்றுவிடும், அது அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

வெனிஸ் என்று முடிவு செய்தால் முதுகில் மாட்டும் பையாக எடுத்துப் போங்கள். ஞாயிறு மாலை சான் மார்கோவிலிருந்து ரயிலுக்குக் கிளம்பும்போது ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடக்க நாற்பது நிமிடம், வழி தவற இருபது.