தாச்சி வறுவலும் வீட்டு எஸ்பிரஸோவும்: வன்னியில் நீண்டகாலப் பாவனை

வீட்டில் எஸ்பிரஸோ (சுடுதண்ணீரை அழுத்தத்தில் தூளுக்குள்ளால் செலுத்தி இறக்குகிற கடுங்கோப்பி) போட வெளிக்கிடுகிறவர்கள் முதலில் விலை விசாரிப்பது மெசினுக்குத்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து வீடுகளில் நெடுங்காலம் பாவித்துப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது: முதலில் தண்ணீர், அடுத்து அரைக்கிற கருவி, கடைசியில்தான் மெசின். வறுவலுக்குப் பெரிய செலவே வேண்டாம். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்துக் கோப்பி வறுத்த பழைய இரும்புத் தாச்சி தாராளமாகக் காணும். கழுவி, அடுப்பில் வைத்து நன்றாகக் காய விட்டு எடுங்கள். மல்லி மணம் இரும்பை விட்டு லேசில் போகாது.

பச்சைக் கொட்டை மலையகத்திலிருந்துதான் வரவேண்டும். கடைக்காரர் அரபிக்கா இனம் என்று சொன்னாலும் கொட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரபிக்கா நீண்டு, நடுக்கோடு வளைந்திருக்கும். மற்ற இனமான றொபஸ்டா உருண்டு, கோடு நேராக இருக்கும். எஸ்பிரஸோவுக்கு நூற்றுக்கு 20, 30 பங்கு றொபஸ்டா சேர்ந்தால் நுரையும் கனமும் கூடும். அதற்கு மேல் போனால் கசப்புத்தான். பூச்சி துளைத்ததையும் கறுத்ததையும் வறுக்க முன்னரே பொறுக்கிவிட வேண்டும். முற்றத்தில் காயவைத்த கொட்டையில் கல் இருக்கும். அதை வறுத்த பிறகு தேடுவது லேசு: கொட்டை பருத்து நிறம் மாறிவிடும், கல் அப்படியே கிடக்கும். தவறிய ஒரு கல் போதும், கிரைண்டரின் பல் போய்விடும்.

வறுவலுக்கு ஒரு முறைக்கு 250 கிராம். இதற்கு மேல் போட்டால் அகப்பை எல்லாக் கொட்டையையும் புரட்டாது. தாச்சியை நடுத்தர நெருப்பில் ஐந்து நிமிடம் சூடாக்கிக் கொட்டையைப் போட்டதும் கிண்டத் தொடங்க வேண்டும். கடைசிவரை கை ஓயக்கூடாது. நாலைந்து நிமிடத்தில் பச்சை மாறி மஞ்சளாகும், வைக்கோல் மணம் வரும். பிறகு மண்ணிறம், புகை, பறக்கிற தோல். ஒன்பது, பத்து நிமிடமளவில் ‘டக் டக்’ என்று உரத்து வெடிக்கும். அதுதான் முதல் வெடிப்பு. அது தொடங்க முதல் நெருப்பைக் கொஞ்சம் குறைத்து, தொடங்கி இரண்டு, இரண்டரை நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். இரண்டாம் வெடிப்பின் சத்தம் மெல்லியது, நெருக்கமானது. றொபஸ்டாவை அதன் வாசல்வரை கொண்டு போகலாம், அரபிக்காவை வேண்டாம்.

கண்ணை நம்புவதைவிடத் தராசை நம்பலாம். 250 கிராம் பச்சைக் கொட்டை 212 முதல் 215 கிராமாக வந்தால் சரியான வறுவல். 225 நின்றால் உள்ளே வேகவில்லை: அரைக்கக் கை வலிக்கும், குடிக்கப் புளிக்கும். 200க்கு இறங்கினால் எண்ணெய் வெளியே வந்திருக்கும், கரி கசக்கும். தட்டையான பக்கத்தில் மட்டும் கறுப்புப் புள்ளி என்றால் போடும்போது தாச்சி அதிகம் காய்ந்திருந்தது. புள்ளியில்லை, நிறமும் நல்லது, ஆனால் ருசி மட்டும் சப்பென்று இருக்கிறதா? நெருப்புப் போதாமல் பதினாறு, பதினேழு நிமிடம் இழுபட்டிருக்கும். புகைக்குப் பயந்து வெளியில் அடுப்பு வைக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சோளகம் வீசுகிற மாதங்களில் நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மூன்று பக்கம் தகரம் மறைக்காமல் வறுக்க வேண்டாம்.

இறக்கியவுடன் சுளகில் கொட்டி, பங்காவுக்கு முன்னால் புடைக்க வேண்டும். தோலும் போகும், சூடும் தணியும். நாலு நிமிடத்துக்குள் கை பொறுக்கிற சூட்டுக்கு வராவிட்டால் கொட்டை தன் சூட்டிலேயே இன்னும் வறுபடும். 34 பாகை வெயிலில் மத்தியானம் வறுத்தால் இது நடக்கக்கூடும். காலமைதான் நேரம்.

பொப்கோர்ன் மெசினில் வறுப்பவர்களும் உண்டு. நிறம் ஒரேசீராக வரும், கிண்டுகிற வேலையும் இல்லை. ஆனால் 80 கிராமுக்கு மேல் கொள்ளாது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுவதால் வெளியே வெந்து உள்ளே பின்தங்கும், எஸ்பிரஸோவில் அது கூர்மையான புளிப்பாகத் தெரியும். வோல்டேஜ் பிரச்சினை வேறு. 1200 வாட் மெசின் 230 வோல்ட்டுக்குக் கணக்கிட்டது. பின்னேரம் லைன் 200க்கு இறங்கினால் கிடைப்பது 900 வாட்டளவுதான், ஏனென்றால் சூடு வோல்டேஜின் வர்க்கப்படி குறையும். அதோடு முதல் வெடிப்பு வராமலே நின்றுவிடும். ஆறவிடாமல் இரண்டாம் தரம் போட்டால் உள்ளே இருக்கிற வெப்ப ஃபியூஸ் போய்விடும்.

வறுத்ததை முதல் நாள் மூடியை இறுக்காமல், பிறகு இறுக்கி, போத்தலில் ஒரு கிழமை வைத்திருங்கள். அவசரப்பட்டு மறுநாளே போட்டால் கரியமில வாயு நிறைந்து பெரிய குமிழாக நுரைக்கும். ருசி ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும். நாலு கிழமைக்குள் முடிப்பது நல்லது.

அரைப்பதற்கு மில்லுக்குக் கொண்டுபோக வேண்டாம். மிளகாய்த்தூள் மணத்தோடு வரும், சூடாகவும் வரும். பிளேட் சுற்றுகிற கிரைண்டரும் சரிவராது: பாதி மாவு, பாதி குறுணி. தண்ணீர் குறுணிப் பக்கமாக ஓடிவிடும். பர் (கொட்டையை நடுவில் விட்டு அரைக்கிற, பல் வைத்த இரண்டு துண்டு) உள்ள கை கிரைண்டர்தான் காசு போடவேண்டிய இடம். அரைவையின் பருமனை மாற்றுகிற திருகு, ஒரு கிளிக்கில் 10 முதல் 20 மைக்ரோன் மட்டும் நகர்கிறதாகப் பார்த்து வாங்குங்கள். அதைவிடப் பெரிய கிளிக் என்றால் ஒன்றில் ஓடும், அடுத்ததில் அடைக்கும்.

அளவு: 18 கிராம் தூள், கோப்பையில் இறங்குகிற கோப்பி 36 கிராம், 25 முதல் 30 செக்கன், தண்ணீர் 93 பாகை. தூளை மெல்லிய ஊசியால் அடிவரை கிளறிக் கட்டி உடைத்து, மட்டமாக அழுத்த வேண்டும். 15 செக்கனில் ஓடிப் புளித்தால் இன்னும் நைசாக அரையுங்கள். 40 தாண்டிச் சொட்டிக் கசந்தால் ஒரு கிளிக் பருமனாக்குங்கள். பக்கவாட்டில் பீய்ச்சியடித்தால் பிழை அரைவையில் இல்லை, தூளைப் பரப்பியதில். சக்கையைத் தட்டிப் பாருங்கள், ஊசித்துளை போல ஓட்டை தெரியும். கார்த்திகை, மார்கழி மழைக்குத் தூள் ஈரம் இழுக்கும்; வெயில் காலத்துக் கிளிக் அப்போது ஒத்துவராது.

இனித் தண்ணீர். வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கடினம். கேத்தலின் அடியில் படிகிற வெள்ளையே சாட்சி. அதே வெள்ளை மெசினின் கொதிகலனிலும் சிறிய வால்வுகளிலும் படிந்து மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அடைக்கும். ஆர்.ஓ. தண்ணீரை (உப்புகளை வடித்து நீக்கிய தண்ணீர்) தனியே ஊற்றினாலும் சரியில்லை: ருசி வெறுமையாக இருக்கும், உலோகத்தையும் அரிக்கும். 500 மில்லிலீற்றர் ஆர்.ஓ. தண்ணீரில் 5 கிராம் அப்பச்சோடா கரைத்து வைத்துக்கொண்டு, ஒரு லீற்றருக்கு அதில் 10 மில்லிலீற்றர் விடுங்கள். படிவு வராது, புளிப்பும் மட்டுப்படும். ஏற்கெனவே படிந்திருந்தால் லீற்றருக்கு 20 கிராம் சிற்றிக் அமிலம். அலுமினியக் கொதிகலன் என்றால் இருபது நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது. வினாகிரி வேண்டாம், அந்த மணம் றப்பரில் தங்கிவிடும்.

பால் கோப்பிக்குப் பசும்பாலைக் காய்ச்சி, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, ஆடையை வடித்த பிறகே மெசினின் ஆவியால் நுரைக்க வேண்டும். வடிக்காத ஆடை ஆவிக்குழாயின் நுனித் துளையில் போய்க் காய்ந்துவிடும். 60, 65 பாகையில் நிறுத்துங்கள்.

மெசின் என்றால், கரண்ட் நம்பமுடியாத இடத்துக்குக் கையால் அழுத்துகிற லீவர் கருவியே நல்லது. கேத்தல் தண்ணீர் போதும், கெட்டுப்போக றப்பர் வளையம் தவிர ஒன்றுமில்லை. பம்ப் உள்ளதே வேண்டும் என்றால் 58 மில்லிமீற்றர் வடிதட்டு (தூள் போடுகிற துளைத்தட்டு) உள்ளதை வாங்குங்கள். கைபிடி மாட்டுகிற இடத்து றப்பர் சூட்டில் இறுகி ஒழுகத் தொடங்கும். அந்த அளவுக்குரிய றப்பரும் தட்டும் கொழும்பிலிருந்து எடுப்பிப்பது மற்ற அளவுகளைவிட லேசு. வாங்கும்போதே இரண்டு றப்பர் சேர்த்து எடுத்து வையுங்கள்.